தெருமுனைக் காபிக்கடை வரை: 'ஆஸ் வீ சீ இட்' ஏன் பார்க்க வேண்டிய தொடர்

[திரையில்: லாஸ் ஏஞ்சலஸ், ஒரு குடியிருப்புத் தெரு, காலை நேரம்]

வணக்கம். ஒரு இளைஞன், இருபதைத் தாண்டிய வயது, நல்ல ஆஜானுபாகு. வீட்டிலிருந்து கிளம்பி தெருமுனையில் இருக்கும் காபிக்கடை வரை நடக்க வேண்டும். காட்சியே அவ்வளவுதான். போனில் ஒரு பெண் அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நாய் குரைக்கிறது, குப்பை லாரியின் இரைச்சல் கேட்கிறது. நமக்கெல்லாம் இந்தச் சத்தங்கள் காதில் விழுந்தும் விழாத மாதிரி போய்விடும், அவனுக்கு ஒவ்வொன்றும் நேராக உடம்புக்குள் இறங்குகிறது. முதல் தடவை பார்த்தபோது நான் லேப்டாப்பில் ஒலியைக் குறைத்து வைத்திருந்தேன், சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம் ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். அவன் ஏன் அங்கேயே உறைந்து நிற்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

'ஆஸ் வீ சீ இட்' என்ற தொடர் இது. 2022 ஜனவரியில் அமேசான் பிரைமில் வந்தது. மொத்தம் 8 எபிசோடுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தைச் சுற்றி. ஜாக், வயலட், ஹாரிசன் என்று மூன்று பேர் ஒரே அப்பார்ட்மென்ட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். மூவருக்கும் ஆட்டிசம். தெருவில் உறைந்து நின்றவன் ஹாரிசன். மூவருக்கும் உதவியாக இருப்பவள் மேண்டி, போனில் கேட்டது அவள் குரல்தான்.

(ஒரு சின்ன விஷயம். ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். இந்த மூன்று பேரையும் பார்த்த பிறகு, இவர்களுடைய மதி இறுகிப்போயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்த வீடியோ முழுக்க ஆட்டிசம் என்றே சொல்கிறேன்.)

[திரையில்: மூன்று நடிகர்களின் படங்கள்]

சரி, இந்தத் தொடரில் அப்படி என்ன விசேஷம்? ஜாக்காக நடிக்கும் ரிக் கிளாஸ்மேன், வயலட்டாக நடிக்கும் சூ ஆன் பியன், ஹாரிசனாக நடிக்கும் ஆல்பர்ட் ருடெக்கி, மூன்று பேருமே நிஜத்திலும் ஆட்டிசம் உள்ளவர்கள். இதில் என்ன பெரிய ஆச்சரியம் என்று நீங்கள் கேட்கலாம். 1988-இல் 'ரெயின் மேன்' திரைப்படம் வந்ததிலிருந்து, ஆட்டிசம் என்றால் கீழே கொட்டிய பல்குச்சிகளைப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லும் ஒரு அதிசய மனிதர் என்ற படம் உலகம் முழுக்கப் பதிந்துவிட்டது. அந்த வேடத்துக்கு ஆஸ்கர் வாங்கிய டஸ்டின் ஹாஃப்மேனுக்கு ஆட்டிசம் கிடையாது. மற்றவர்கள் வெளியிலிருந்து பார்த்து நடித்துக் காட்டுவதுதான் அதற்குப் பிறகும் வெகுகாலம் நடந்தது.

இங்கே அது மாறும்போது நகைச்சுவையும் சேர்ந்து மாறுகிறது. ஜாக் ஒரு புரோகிராமர். தன் மேலதிகாரியிடமே, உங்களுக்கு என்னைவிட அறிவு குறைவு என்று சொல்லிவிடுகிறான், வேலை போய்விடுகிறது. கிளாஸ்மேன் மேடை நகைச்சுவைக் கலைஞர், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சட்டென்று பேச வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. அந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் ஜாக்கைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாமெல்லாம் அலுவலகத்தில் மனதுக்குள்ளேயே விழுங்கிவிடும் ஒரு வாக்கியத்தை ஒருவன் சத்தமாகச் சொல்லிவிட்டானே என்றுதான் சிரிக்கிறோம்.

அதே ஜாக்கிடம் அவன் அப்பா லூ தனக்குப் புற்றுநோய் என்று சொல்கிறார். ஜோ மான்டெக்னா நடித்திருக்கிறார். அம்மா இல்லாத வீடு, இந்தப் பிள்ளையைத் தனியாக விட்டுப் போக வேண்டி வருமே என்ற பயம் அந்த மனிதரின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாக் அழுவதில்லை. அந்த நோயையும் சிகிச்சையையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துத் தள்ளுகிறான். பாசம் இல்லாதவன் என்று யாராவது நினைத்தால் அந்தக் காட்சிகளை இன்னொரு தடவை பார்க்கச் சொல்வேன், படிப்பதுதான் அவன் அழும் விதம்.

[திரையில்: துரித உணவுக்கடை, சீருடையில் வயலட்]

என்னை ரொம்ப நேரம் தூங்கவிடாமல் செய்தது வயலட்டின் கதை. ஒரு துரித உணவுக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஒரு காதலன் வேண்டும், மற்ற பெண்கள் மாதிரி இருக்க வேண்டும், இதை எங்கே போனாலும் யாரிடமும் ஒளிக்காமல் சொல்கிறாள். அப்பா அம்மா இல்லை, வேன் என்ற அண்ணன்தான் எல்லாம். டேட்டிங் செயலியில் யாரோ அவளைப் பயன்படுத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவனுக்குப் பயம், அதனால் கட்டுப்படுத்துகிறான். அவன் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் ஆசைக்கு இன்னொருவர் பூட்டுப் போடும்போது அவள் கத்துகிறாளே, அந்தக் கத்தலிலும் தப்பே இல்லை. தொடர் இருவரில் ஒருவரை வில்லனாக்கி நம் வேலையைச் சுலபமாக்கித் தருவதில்லை. வீட்டில் ஆட்டிசம் உள்ள ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனோ அக்காவோ இதைப் பார்த்தால், வேனின் களைப்பு என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஹாரிசனுக்குக் கிடைக்கும் நண்பன் அதே கட்டடத்தில் வசிக்கும் ஒரு சின்னப் பையன். இருவருக்குள்ளும் ஒரு கள்ளமும் இல்லை, பார்க்கும் பெரியவர்களுக்குத்தான் சந்தேகம் வருகிறது. இந்த நட்பு வெளியாட்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை ஹாரிசனுக்கு எந்த வார்த்தையில் எடுத்துச் சொல்வது?

[திரையில்: பள்ளி வளாகம்]

மூவரும் ஏன் இருபதுகளில் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம் ஒன்று, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி வழியாகச் சிறப்புக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை பொதுவாக 21 வயதோடு முடிகிறது. அதற்குப் பிறகு வேலை, வீடு, துணை எல்லாவற்றுக்கும் குடும்பம்தான் அலைய வேண்டும். அங்குள்ள பெற்றோர் இதை மலை விளிம்பிலிருந்து விழுவதற்கு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். அந்த விளிம்பைத் தாண்டி விழுந்தவர்களின் கதைதான் இது. லாஸ் ஏஞ்சலஸில் தனி அப்பார்ட்மென்ட், கூடவே ஒரு உதவியாளர் என்பது எத்தனை குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்விக்குள் தொடர் அதிகம் போகவில்லை, அது எனக்கு ஒரு குறை. இன்னொரு குறை, மேண்டியின் மருத்துவப் படிப்புக் கனவுக்கும் காதலுக்கும் கொடுத்த நேரத்தில் கொஞ்சத்தை ஹாரிசனுக்குக் கொடுத்திருக்கலாம்.

உருவாக்கியவர் ஜேசன் கேட்டிம்ஸ். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம். மூலம் 'ஆன் த ஸ்பெக்ட்ரம்' என்ற 2018-ஆம் ஆண்டு இஸ்ரேலியத் தொடர். இத்தனை இருந்தும் ஒரே சீசனோடு அமேசான் இதை நிறுத்திவிட்டது, எனக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை.

பார்க்கப் போகிறீர்கள் என்றால் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள். குப்பை லாரி வரும்போது ஒலியைக் குறைக்காதீர்கள்.