ஈயத்தில் எழுதிய சாபம்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் பாத் என்று ஒரு ஊர். லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். போகிறவர்கள் எல்லாரும் ரோமானியர் கட்டிய பெரிய வெந்நீர்க் குளத்தருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மேல்தளத்துச் சக்கரவர்த்தி சிலைகளை அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு பழசு!" என்பார்கள். அந்தச் சிலைகள் விக்டோரியா மகாராணி காலத்தவை, 19-ஆம் நூற்றாண்டு! குளத்து நீரின் பச்சை நிறமும் ரோமானியர் பார்த்திராதது. அன்று மேலே கூரை இருந்தது. அது போனபிறகு வெயில் பட்டுப் பாசி வளர்ந்துவிட்டது.

பழையது என்றால் குளத்தின் அடியில்தான் இருக்கிறது. ரோமானியர் பதித்த 45 ஈயத் தகடுகள் இன்றும் நீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. அந்த ஈயம் பக்கத்து மெண்டிப் குன்றுகளில் வெட்டியெடுத்தது. ஊற்று நீரும் அங்கிருந்து வருவதுதான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பெய்த மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, ஆழத்தில் சூடேறி, பாறைப் பிளவு வழியாக இந்த ஊரில் மேலே வருகிறது. சூடு 46 டிகிரி. நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல்.

ரோமானியர் வருவதற்கு முன்பே அந்த ஊற்றுக்கு ஒரு தெய்வம் உண்டு, சூலிஸ். வந்தவர்கள் அவளை விரட்டவில்லை. தங்கள் அறிவுத் தெய்வமான மினர்வாவோடு சேர்த்து, 'சூலிஸ் மினர்வா' என்று கோயில் கட்டினார்கள். பொன் பூசிய அவளுடைய வெண்கலத் தலை 1727-இல், கழிவுநீர்க் கால்வாய் தோண்டும்போது கிடைத்தது. அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அழகான முகம்.

ஆனால் நான் உங்களை நிற்கச் சொல்வது வேறொரு கண்ணாடிப் பெட்டி முன்னால். உள்ளே சின்னச் சின்னத் தகடுகள், ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. 1979, 80-இல் ஊற்றைத் தோண்டியபோது இப்படிப்பட்டவை ஏராளமாகக் கிடைத்தன. கிடைத்த மொத்தம் சுமார் 130. ஏறக்குறைய அத்தனையும் சாபம்! குளிக்கிறவன் துணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே இறங்க வேண்டும்? ஏறி வந்து பார்த்தால் காணோம். உடனே தெய்வத்துக்கு எழுத்து மூலம் புகார். தகட்டில் கீறி, சுருட்டி, ஊற்றில் போட்டுவிடுவார்கள்.

தோசிமெடிஸ் என்பவனுக்குப் போனது இரண்டு கையுறை. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்கிறான். தோசிலியானஸ் தலைமூடி வைத்த மேலங்கியைப் பறிகொடுத்தவன். திருடனுக்குத் தூக்கம் வரக் கூடாது, பிள்ளை பிறக்கக் கூடாது, அவன் அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும் வரை விடாதே என்று கேட்கிறான். அதிலும் "ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவனோ" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறான், எந்தச் சந்து வழியாகவும் திருடன் நழுவிவிடக் கூடாதாம்! சில தகடுகளில் எழுத்தையே தலைகீழ் வரிசையில் எழுதியிருக்கிறார்கள். அரசனும் தளபதியும் விட்டுப்போன கல்வெட்டு எங்கும் கிடைக்கும். துணி தொலைத்தவனின் வயிற்றெரிச்சல் இங்கே படிக்கக் கிடைக்கிறது.

சரி, அங்கே குளிக்கலாமா? ரோமானியக் குளத்தில் முடியாது. 1978-இல் ஊற்று நீரிலிருந்த அமீபாவால் ஒரு சிறுமி இறந்துபோனாள். அதோடு ஊரில் வெந்நீர்க் குளியலே நின்றுவிட்டது. பிறகு ஆழ்குழாய் போட்டுச் சுத்தமான நீர் எடுத்தார்கள். 2006-இல் பக்கத்திலேயே புதிய குளியல் நிலையம் திறந்தார்கள். அதன் மொட்டைமாடியில் வெந்நீர்க் குளம் உண்டு. குடித்துப் பார்க்க வேண்டுமென்றால், குளத்தை ஒட்டியுள்ள 'பம்ப் ரூம்' என்ற பழைய மண்டபத்துக்குப் போங்கள். 43 தாதுக்கள் கலந்த நீர் என்பார்கள். வெதுவெதுப்பாக இருக்கும். ருசியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.