ஜூலைல தாய்லாந்து, கூடவே சைவ அம்மா: சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருச்சியில இருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "ஜூலை கடைசியில நான், வீட்டுக்காரர், அம்மா மூணு பேரும் முதல் தடவையா தாய்லாந்து போறோம். பாங்காக் மூணு நாள், புக்கெட் நாலு நாள். அம்மா சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூடத் தொட மாட்டாங்க. சாப்பாட்டுக்கு என்ன பண்றது? வேற எதைக் கவனிக்கணும்?"னு கேட்டிருக்காங்க.

சாப்பாட்டுக்கு வர்றேன்மா. அதுக்கு முன்னாடி நீங்க கேட்காத ஒண்ணு. புக்கெட் டிக்கெட் போட்டாச்சா? போடலைன்னா கொஞ்சம் பொறுங்க.

கேரளாவுல ஜூன்ல இறங்குதே தென்மேற்குப் பருவமழை, புக்கெட்டுக்கும் அதே கணக்குதான். அது மேற்குக் கரை, அந்தமான் கடல் பக்கம். மே மாசம் ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும் மழைக்காலம். மழைகூடப் பரவாயில்ல, குடை இருக்கு. கடல்தான் பிரச்சினை. அலை பெருசாகி, பீச்ல சிவப்புக் கொடி நட்டு வச்சிருப்பாங்க. கொடி இருந்தா முழங்கால் தண்ணியிலகூட இறங்காதீங்க. உள்ள இழுக்கிற நீரோட்டம் இருக்கும், நல்லா நீச்சல் தெரிஞ்ச ஆளையே கொண்டு போயிடும். போட்டோல பார்த்துட்டுத்தானே போறோம், புக்கெட்ல இருந்து படகுல போற அந்த மாயா பே கடற்கரை, அதை ஆகஸ்ட் செப்டம்பர் ரெண்டு மாசமும் மூடியிருப்பாங்க. சிமிலான் தீவுகள் மே நடுவுல மூடினா அக்டோபர் நடுவுலதான் திறப்பாங்க.

அதனால கிழக்குப் பக்கம் கோ சமூய் போங்கன்னு சொல்வேன். தாய்லாந்து வளைகுடாவுல இருக்கிற தீவு. அதுக்கு நம்ம சென்னைக் கணக்கு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான் பெருமழை, நவம்பர்ல கொட்டித் தீர்க்கும். ஜூலைல அப்பப்போ ஒரு மழை வந்துட்டுப் போகும், அவ்வளவுதான். நேரடி விமானம் விலை கூடத்தான். கரையில இருக்கிற சூரத் தானி ஊர் வரைக்கும் விமானத்துலயோ ராத்திரி ரயில்லயோ போயிட்டு, அங்கிருந்து பஸ், அப்புறம் படகுன்னு போனா செலவு குறையும். அம்மாவுக்கு அந்த அலைச்சல் ஒத்துக்குமான்னு நீங்கதான் பார்த்துக்கணும்.

இப்ப சாப்பாடு. 'வெஜிடேரியன்'னு சொன்னா போதும்னு நினைக்காதீங்க. நான் முதல் தடவை போனப்ப ஒரு தெருக்கடையில பப்பாளிக்காய் சாலட் கேட்டேன். சோம் தாம்பாங்க, உரல்ல போட்டு இடிச்சுத் தருவாங்க. பப்பாளிக்காய், தக்காளி, வேர்க்கடலை, எலுமிச்சை, மிளகாய். பார்த்தா சுத்த சைவம். நான் பக்கத்துலயே நிக்கறேன், அந்தம்மா டப்பாவுல இருந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டாங்க. என்னன்னு குனிஞ்சு பார்த்தா, காஞ்ச கூனி இறால்! அதுக்கு மேல ஒரு பாட்டிலைக் கவுத்து மீன் சாறு, நாம் பிளா. அவங்க மேல தப்பே இல்லங்க, நாம உப்பு போடற மாதிரி அவங்களுக்கு அது.

அதனால நீங்க மனப்பாடம் பண்ண வேண்டிய ஒரே வார்த்தை, 'ஜே'. சீன பௌத்த வழக்கத்துல வந்த விரதச் சாப்பாடு. கறி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. உங்க அம்மாவுக்குன்னே பண்ணின மாதிரி! மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்துல எழுதித் தொங்க விட்டிருப்பாங்க. அந்த எழுத்தைப் பார்த்தா சிரிப்பு வரும், நம்ம 'ஜே'ல கொம்பு முன்னாடி வருதுல்ல, அவங்களுக்கும் அப்படியே முன்னாடிதான் வரும். தாய் எழுத்து கெமர்ங்கிற கம்போடிய எழுத்து வழியா வந்தது, அதுக்கு மூலம் பல்லவர் எழுத்து. 'கின் ஜே'ன்னு (ஜே சாப்பிடறவங்கன்னு அர்த்தம்) சொல்லி அம்மாவைக் காட்டுங்க, புரிஞ்சுக்குவாங்க.

பாங்காக்ல சீலோம்ல மகாமாரியம்மன் கோவில் இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல போய்க் குடியேறின தமிழர்கள் கட்டினது. அந்தப் பக்கம் ரூம் போட்டா தென்னிந்தியச் சாப்பாடும் கிடைக்கும். சமூய்க்கு மட்டும் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சின்ன மின்சாரக் கெட்டில் எடுத்துக்கோங்க.

மத்தது சீக்கிரம் சொல்லிடறேன். 2025 மே மாசத்துல இருந்து வருகை அட்டையை ஆன்லைன்ல நிரப்பணும், போய் இறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள. அது இலவசம், காசு கேட்கிற தளம் போலி. விசா விதி மாறிக்கிட்டே இருக்கு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தூதரகத் தளத்தைப் பாருங்க. ஏடிஎம்ல ஒவ்வொரு தடவையும் 200 பாட் (தாய்லாந்துப் பணம்) மேல பிடிப்பாங்க, அதனால ஒரே தடவையா எடுங்க. 'ரூபாயில மாத்தித் தரட்டுமா'ன்னு மெஷின் கேட்டா வேண்டாம்னு அழுத்துங்க. வீட்டுக்காரர்கிட்ட வேப் (மின் சிகரெட்) இருந்தா வீட்டுலயே வச்சுட்டு வரச் சொல்லுங்க, அங்க அது சட்டவிரோதம்.

பாங்காக்ல அரண்மனைக்குப் போறப்ப தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், ஸ்லீவ்லெஸ் போட்டா விட மாட்டாங்க. வெளியில ஒரு ஆள் ரொம்ப மரியாதையா வந்து, "இன்னைக்கு அரண்மனை லீவு, டுக்டுக் ஆட்டோல வேற கோவில் காட்டறேன்"ம்பாரு. கடைசியில நகைக்கடையிலயோ தையல்கடையிலயோ கொண்டு போய் இறக்குவாரு. அரச விழா நாள் தவிர தினமும் காலை 8:30 மணிக்கே திறந்திருக்கும். சிரிச்சுட்டு, டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும் நடந்து போய் நீங்களே பார்த்துக்கோங்க.