அந்த அரை எங்கிருந்து வந்தது?

நண்பர்களே, சாக்பீஸ் எடுக்கும் முன் ஒரு சின்ன விஷயம். பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு உறை ஊற்றினால் தயிர். உறை ஊற்றிவிட்டுக் காய்ச்சினால் திரிந்துபோகும். வரிசை மாறியதால் எவ்வளவு மாறியது என்று கணக்கில் சொல்வதுதான் கமுட்டேட்டர். காய்ச்சுவது, உறை ஊற்றுவது போல ஒன்றின்மேல் செய்யும் செயலுக்குக் கணக்கில் ஆபரேட்டர் என்று பெயர். ஆபரேட்டர்களைச் செயலிகள் என்றும் சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நீங்கள் ஃபோனைத் தேடுகிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அதிரும் நுண்ணிய இழைகள் என்று சொல்வது இழைக் கோட்பாடு. அதில் அதிர்வுக்கு ஓர் ஆல்ஃபா, எண் போட்ட ஓர் ஆபரேட்டர். எதிர் எண் கொண்டது அதிர்வை எழுப்பும், நேர் எண் கொண்டது அடக்கும். ஆல்ஃபா 1, ஆல்ஃபா -1 இரண்டுக்கும் கமுட்டேட்டர் 1. 2-க்கும் -2-க்கும் 2. எண்களின் கூட்டல் 0 ஆகாத ஜோடிகளுக்கு 0. மனப்பாடம் இவ்வளவு போதும்.

ஆல்ஃபாக்களை இரண்டிரண்டாகப் பெருக்கி, முடிவில்லாமல் கூட்டி, பாதியாக்கினால் எல்-கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த மிகேல் விராசோரோ 1970-இல் கொண்டுவந்தவை. எல் 2-க்கும் எல் -2-க்கும் கமுட்டேட்டர் என்ன? மாணவனாக இருந்தபோது நான் இதை விரித்து எழுதினேன். இரண்டு முடிவிலாக் கூட்டல்கள் வந்தன. ஒன்றில் எண்ணை இரண்டு இடம் நகர்த்தினேன்; எல்லாம் அழகாகச் சேர்ந்து 4 எல் 0 என்று வந்தது. பேனாவை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

விடை தப்பு. எப்படித் தெரியும்? எந்த அதிர்வும் இல்லாத, உந்தமும் இல்லாத வெற்றிட நிலையில் வைத்துப் பாருங்கள். அங்கே எல் 0-இன் மதிப்பு 0, ஆகவே என் விடையும் 0. இப்போது நேராகக் கணக்கிடுவோம். எல் 2 வெற்றிடத்தை அழித்துவிடும்; எனவே எல் -2 முதலில், எல் 2 பிறகு என்ற ஒரே வரிசைதான் மிச்சம். எல் -2-இல் பிழைப்பது ஒரே உறுப்பு: ஆல்ஃபா -1 இரண்டு முறை, முன்னால் ஓர் அரை. எல் 2 தன் பங்குக்கு இன்னோர் அரையோடு வந்து அந்த இரண்டு அதிர்வுகளையும் அடக்குகிறது. யார் யாரை அடக்குவது என்பதற்கு இரண்டு வழி. கால் பெருக்கல் 2, அரை. ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஓர் அரை!

0 எங்கே, அரை எங்கே? குற்றவாளி அந்த நகர்த்தல்தான். அடக்குபவற்றை வலப்பக்கம் ஒதுக்காமல் விட்டால் இரண்டு கூட்டல்களும் தனித்தனியே முடிவிலி. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் எதை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். முதலில் ஒதுக்கிவிட்டு நகர்த்துங்கள், ஓரத்தில் சில உறுப்புகள் மாட்டாமல் நிற்கும். 2-க்கு 1 × 1, அதில் பாதி அரை. 3-க்கு 1 × 2, 2 × 1, ஆக 4, அதில் பாதி 2. பொதுவாக, எண்ணின் கனத்திலிருந்து எண்ணைக் கழித்து 12-ஆல் வகுங்கள்: 8 - 2 வகுத்தல் 12, அரை. 27 - 3 வகுத்தல் 12, சரியாக 2. எண் 1 என்றால் ஒன்றுமே இல்லை. அதனால் 1-ஐ மட்டும் வைத்துச் சோதித்தவர்கள் தப்பைக் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

இந்த அரையை விட்டுவிட்டால் பெரிய இழப்பு. பரிமாணங்கள் 26 என்றால் எண் 2-க்கு மொத்தம் 13. கோஸ்ட் புலங்கள் என்று கணக்குக்காகச் சேர்க்கும் துணைப் புலங்கள் உண்டு; அவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டு, எல் 0-இல் ஒரு மாறிலியைச் சரிக்கட்டினால் வருவது -13. இரண்டையும் கூட்டினால் 0; அரையை விட்டிருந்தால் இந்தச் சரிக்கட்டல் தெரிந்தே இருக்காது.