பிடிச்சுக்கிட்ட போல்ட்டு, உடைஞ்ச போல்ட்டு: பைப்ப மாட்டறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

வணக்கங்க. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஷெட்டுல நிக்கறோம். வெளிய மேகம் எறங்கி எதுத்தாப்புல இருக்கற தேயிலைத் தோட்டமே தெரியல. முன்னாடி நிக்கறது கொழுந்து மூட்டை ஏத்தற டீசல் பிக்கப்பு. எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, அதாவது எஞ்சின் புகையச் சேத்து வெளிய விடற குழாய், அதோட கேஸ்கட் (ஜாயிண்டுல புகை கசியாம வைக்கற தகடு) போயிருக்கு, ஸ்டார்ட் பண்ணினா டப்டப்னு புகை பக்கவாட்டுல அடிக்குது. கேஸ்கட் மாத்தறது சின்ன வேலை. கஷ்டம் போல்ட்டுலதான். எட்டு போல்ட்டுல அஞ்சு வந்துருச்சு, ரெண்டு அசையவே இல்ல, ஒண்ணுக்குத் தலையே கிடையாது. இந்த மூணையும் எப்படி எடுக்கறதுன்னுதான் இன்னைக்கு.

ஒரு போல்ட்டு வரலைன்னா நிறைய பேர் முதல்ல தேடறது பைப்பு. ஸ்பேனர்ல பைப்ப சொருகி, தொங்கி, 'படக்'. பத்து நிமிஷ வேலை ரெண்டு நாள் வேலையாயிடும். பைப்பத் தொடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த போல்ட்டு எதுல பிடிச்சிருக்கு? இரும்புல இரும்பா, அலுமினியத்துல இரும்பா? எவ்வளவு சூடு காட்டலாம், எப்படி ஓட்டை போடலாம், எங்க நிறுத்தணும், எல்லாமே அந்தக் கேள்வியிலதான் இருக்கு.

நம்ம மலைல ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னா, காரணம் சூடும் ஈரமும் மாறி மாறி வர்றது. மேட்டுப்பாளையம் எறங்கறப்போ பிரேக்கு சூடேறிக் கிடக்கும், திரும்ப மேல வந்தா மேகத்துக்குள்ள நுழையறோம். சூடான உலோகம் ஆறும்போது மரைக்குள்ள ஈரக் காத்த உள்ள இழுக்கும். குன்னூர், கோத்தகிரில வடகிழக்கு மழை, கூடலூர், பந்தலூர்ல ஜூன்ல தொடங்கற தென்மேற்கு மழை. அதோட தோட்டத்து வண்டில உர மூட்டை வேற ஏத்தறோம். பொட்டாஷ் உரத்துல குளோரைடு இருக்கு, கடல் உப்பு செய்யற அதே வேலையை அது செய்யும். பாடி போல்ட்டு, ஸ்பிரிங் யூ போல்ட்டு எல்லாம் சீக்கிரம் போறது இதனாலதான்.

இரும்பு துருவாகறப்போ ரெண்டு மடங்குக்கு மேல ஊதும். மரைக்குள்ள அவ்வளவு இடம் கிடையாது, அதனால ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிக்கும். அலுமினியத்துல இரும்பு போல்ட்டுன்னா கதை வேற. ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல ஈரம் போனா அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளைப் பொடியா வந்து மரைய அடைச்சுக்கும். செவப்பா துரு தெரியலையேன்னு ஏமாந்துடாதீங்க.

சரி, வேலைக்கு வரலாம். முதல்ல கம்பி பிரஷ் போட்டு மண்ணு, துரு எல்லாம் சுரண்டுங்க. மண்ணு மேல எண்ணெய் ஊத்தினா மண்ணுதான் குடிக்கும். அப்புறம் துரு எடுக்கற ஸ்ப்ரே, டபிள்யூ.டி. 40 மாதிரி, இல்லைன்னா அதுக்குன்னே வர்ற பெனட்ரேட்டிங் ஆயில். ஒரு தடவை அடிச்சு அஞ்சு நிமிஷத்துல ஸ்பேனர் போட்டா ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் ஒருக்கா, ராத்திரி ஒருக்கா, காலைல ஒருக்கா. நடுநடுவுல போல்ட்டு தலை மேல அரைக் கிலோ சுத்தியல்ல நேரா, சுள்ளுனு பத்துப் பதினஞ்சு அடி. தலை நசுங்காம இருக்க நடுவுல ஒரு பித்தளைத் துண்டு வச்சுக்குங்க. அந்த அதிர்வுலதான் துரு விரிசல் விடும், அந்த விரிசல் வழியாத்தான் எண்ணெய் உள்ள போகும். மறுபக்கம் போல்ட்டு நுனி வெளிய தெரியுதுன்னா அங்கயும் அடிங்க. இந்த மேனிபோல்டு போல்ட்டு மாதிரி முட்டுச் சந்து ஓட்டைன்னா எண்ணெய்க்கு மேல் வழி மட்டும்தான், அதனால இன்னும் பொறுமை வேணும்.

அடுத்தது ஸ்பேனர். இந்த போல்ட்டு 8 எம்.எம்., தலைக்கு 12 நம்பர். சில வண்டில அதே 8 எம்.எம்.முக்கு 13 நம்பர் வரும். 12 தலைக்கு 13 போட்டு திருப்பினா மூலை உருண்டு போயிடும். ஆறு பட்டை சாக்கெட்டு எடுங்க. பன்னெண்டு பட்டை சாக்கெட்டு மூலைய மட்டும்தான் பிடிக்கும், துரு தின்ன தலைல அது வழுக்கிரும். இன்னொண்ணு, எந்தப் பக்கம் கழலும்னு நிச்சயமா தெரிஞ்சுக்குங்க. சில பழைய லாரில இடது பக்க வீல் நட்டு இடதுகை மரை. சில பைக்குல வலது பக்கக் கண்ணாடியும் அப்படித்தான். கழட்டறோம்னு நெனச்சு இறுக்கிட்டே போவோம்.

இப்ப கிட்ட வாங்க, இதக் காட்டியே ஆகணும். போல்ட்டு தலைலயும் பக்கத்து உலோகத்துலயும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்டு கோடு போட்டிருக்கேன். முதல்ல இறுக்கற பக்கம் ஒரு சின்ன அசைவு. அப்புறம் கழட்டற பக்கம். பாருங்க, கோடு துளி விலகுது. கைய விட்டா திரும்ப சேர்ந்துக்குது. இது கழலல, போல்ட்டு முறுக்கிக்குது, அவ்வளவுதான். ரப்பர் மாதிரி கைக்குத் தெரியும். இங்கயே நிறுத்திடணும். 'கிரீச்'னு ஒரு சத்தம் வந்து, விலகின கோடு விலகினபடியே நின்னா அது நல்ல செய்தி, துரு விட்டுக் கொடுக்குது. சத்தமே இல்லாம வெண்ணெய் மாதிரி லேசா வந்துட்டே இருந்தா சந்தோஷப்படாதீங்க. கழுத்து இளகி முறுக்கிட்டு இருக்கு, இன்னும் கால் சுத்துல தலை கையோட வந்துரும்.

இது முறுக்கிக்குது. அதனால சூடு காட்டணும். இங்கதான் அந்தக் கேள்வி. இந்த போல்ட்டு இறங்கியிருக்கற சிலிண்டர் ஹெட்டு (எஞ்சினோட மேல்பாகம்) அலுமினியம். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்ப விட ரெண்டு மடங்கு விரியும். அப்போ போல்ட்டக் காய்ச்சக் கூடாது, அத சுத்தி இருக்கற அலுமினியத்தக் காய்ச்சணும். ஓட்டை பெருசாகும், போல்ட்டு அவ்வளவு பெருசாகாது. ஸ்ப்ரே அடிச்ச இடத்த நல்லா துடைச்சு, காய விட்டு, அப்புறம்தான் கேஸ் டார்ச்ச பத்த வைக்கணும். டீசல் பைப்பு, ஒயரு பக்கம் ஒரு தகரத்த மறைப்பா வச்சுக்குங்க. கைக்கு எட்டற தூரத்துல ஒரு பக்கெட்டு மணல் இருக்கட்டும். நெருப்ப ஒரே இடத்துல நிறுத்தாம மூணு நாலு நிமிஷம் சுத்தி சுத்தி காட்டுங்க. எவ்வளவு சூடுன்னா தோசைக்கல்லு பதம்: தண்ணி சொட்டு தெளிச்சா உடனே 'சுர்'ருனு போகணும். சொட்டு முத்து முத்தா உருண்டு ஓடினா அதிகமாயிடுச்சு. செவப்பாகும்னு மட்டும் காத்திருக்காதீங்க. அலுமினியம் நிறம் மாறாது, 660 டிகிரிக்குள்ளயே அப்படியே உருகி விழுந்துரும்.

இரும்புல இரும்புன்னா, யூ போல்ட்டு நட்டு மாதிரி, அப்போ நட்ட மட்டும் மங்கலான செவப்புக்குக் காய்ச்சலாம். செவப்பா இருக்கும்போதே திருப்பக் கூடாது, உள்ள போல்ட்டும் இளகி இருக்கும், அறுந்துரும். செவப்பு போகட்டும், ஒரு மெழுகுவத்தித் துண்ட மரை ஓரத்துல வைங்க, உருகி தானா உள்ள ஓடும். அப்புறம் திருப்புங்க. அப்படிக் காய்ச்சின யூ போல்ட்டையும் நட்டையும் திரும்ப மாட்டாதீங்க, பலம் போயிருக்கும். சில போல்ட்டுல துரு இருக்காது, தானா கழலாம இருக்க செவப்பு மரைப் பசை போட்டிருப்பாங்க. அதுக்கு எண்ணெய் வேலை செய்யாது, 250 டிகிரி கிட்ட காட்டினாத்தான் இளகும்.

எங்கெல்லாம் நெருப்பே காட்டக் கூடாதுன்னா: டீசல் டேங்கு, பிரேக் ஓஸ், கேஸ் அடைச்ச ஷாக் அப்சார்பர், ஏர்பேக். பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துலயும் வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர்னா சூட்டுல பாஸ்ஜீன்ங்கற விஷப் புகை வரும். நுரையீரலையே கெடுத்துரும், இதுல விளையாட்டே கூடாது.

இப்ப திருப்பறேன், கேளுங்க... கிரீச். வந்துருச்சு. ஆனா மொத்தமா சுத்தி எடுக்காதீங்க. கால் சுத்து வெளிய, அரைக்கால் சுத்து உள்ள, கொஞ்சம் எண்ணெய், மறுபடி. அரிச்ச தூளு மரைல சிக்கி அலுமினியத்த உழுதுட்டு வந்துரும், அதுக்குத்தான் இந்த முன்னும் பின்னும். ரெண்டாவதும் இதே மாதிரிதான், அத வேகமா ஓட்டி விட்டுடறேன்.

இப்ப தலை இல்லாதது. மேனிபோல்ட எடுத்தாச்சு, போல்ட்டு 6 எம்.எம். அளவுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கு. இவ்வளவு நீட்டம் இருந்தா நான் ஈஸி அவுட்ட (உடைஞ்ச போல்ட்டுல ஓட்டை போட்டு, உள்ள விட்டுத் திருப்பி எடுக்கற கருவி) தொடவே மாட்டேன். யோசிச்சுப் பாருங்க, முழு போல்ட்டு தலையப் பிடிச்சு திருப்பியே வராதது, அதுக்குள்ள 5 எம்.எம். ஓட்டை போட்டு விடற ஒரு சின்ன முறுக்குக் கம்பிக்கு வருமா? ஈஸி அவுட்டு ஆப்பு மாதிரி வேற இருக்கு, உள்ள போகப் போக போல்ட்டு சுவத்த வெளிப்பக்கம் தள்ளி இன்னும் இறுக்கும். அது உள்ள உடைஞ்சா, கடையில கிடைக்கற சாதா டிரில் பிட்டு அது மேல கீறல்கூட போடாது. ஓவரா இறுக்கி உடைஞ்ச போல்ட்டு, துரு இல்லாம உள்ள லூசா இருக்குன்னா மட்டும் ஈஸி அவுட்டு. துருப் பிடிச்சு உடைஞ்சதுக்கு வேண்டவே வேண்டாம்.

இதுக்கு நட்டு வச்சு வெல்டிங். முதல்ல பேட்டரி ஒயரக் கழட்டுங்க, எர்த்து கிளிப்ப அந்த ஹெட்டுலயே மாட்டுங்க. 8 எம்.எம். துண்டுக்கு 10 எம்.எம். நட்டு, நடுவுல ஓட்டை வழியா வெல்டிங் ராடு நல்லா உள்ள போக இடம் கிடைக்கும். துண்டோட நடுவுல ஆரம்பிச்சு வெளிய வந்து நட்டோட சுவத்தப் பிடிக்கணும். ஓட்டை நெறையணும். இரும்பு வெல்டு அலுமினியத்துல ஒட்டாது, அதனால ஓரமா சொட்டினாலும் பயமில்ல. வெல்டோட பலத்த விட அந்தச் சூடுதான் பாதி வேலை செய்யுது. செவப்பு போகட்டும், ஒரு நிமிஷம். ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்க. நட்டு பிடுங்கிட்டு வந்தா இன்னொண்ணு வைங்க. மூணாவது நட்டுல வர்றது சகஜம், ஒவ்வொரு சூட்டுலயும் உள்ள கொஞ்சம் விடும்.

ஓட்டைக்குள்ளயே அறுந்து கிடந்தா டிரில்தான். அறுந்த முகத்த முதல்ல சமமா ராவுங்க. சென்டர் பஞ்ச் (டிரில்லுக்கு முன்னாடி குழி போடற கூர் உளி) நடுவுல விழணும். இதுல அரை மணி நேரம் போனாலும் போகட்டும். ஒரு எம்.எம். ஓரமாப் போனா பிட்டு மெத்துனு இருக்கற அலுமினியத்துப் பக்கம் ஓடிரும், மரை போச்சு. 3 எம்.எம். பிட்டு, மெதுவான வேகம், எண்ணெய். பிட்டுல ஆழத்துக்கு அடையாளமா ஒட்டற டேப்பு சுத்திக்குங்க, பின்னாடி தண்ணி ஓடற பாதை இருக்கலாம். இடதுகை பிட்டு கிடைச்சா அதையே ரிவர்ஸ்ல ஓட்டுங்க, சில சமயம் 5 எம்.எம்.ல போல்ட்டே சுத்திட்டு வெளிய வந்துரும். வரலைன்னா 5, 6, கடைசியா 6.8. நடு சரியா விழுந்திருந்தா மிச்சம் இருக்கறது மரைக்குள்ள சுருண்ட தகடு மட்டும், ஊசி முனையால நெம்பினா ஸ்பிரிங்கு மாதிரி வந்துரும். அப்புறம் 8 எம்.எம்., 1.25 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) டேப்பு, அதாவது மரை வெட்டற கருவி, ஓட்டி சுத்தம் பண்ணிக்கலாம்.

மரை போயிட்டா ஹெலிகாயில், அதாவது புது மரையா உள்ள இறக்கற கம்பிச் சுருள். 8 எம்.எம்.முக்கு 8.3 டிரில், கிட்டோட வர்ற டேப்பு, சுருள முகத்துக்கு அரை பிட்சாவது கீழ எறக்கணும். உள்ள ஈஸி அவுட்டோ டேப்போ உடைஞ்சு கிடக்குதுன்னா அங்கயே விட்டுருங்க. ஹெட்டக் கழட்டி கோயம்புத்தூர்ல ஸ்பார்க் எரோஷன் பண்ற பட்டறைக்குக் கொண்டு போயிரலாம். தீப்பொறியாலயே அரிச்சு எடுப்பாங்க, மரைல கை வைக்க மாட்டாங்க.

திரும்ப மாட்டறது. ஓட்டைய காத்தடிச்சு நல்லா காய வைங்க. முட்டுச் சந்து ஓட்டைல எண்ணெய் தேங்கி இருந்தா, போல்ட்டு இறங்கறப்போ அதுக்குப் போக வழி இல்லாம அலுமினியத்தையே வெடிக்க வச்சிரும். பழைய போல்ட்டு வேண்டாம், எட்டும் புதுசு. மரைல காப்பர் ஆன்ட்டி சீஸ் பசை (போல்ட்டு மறுபடி பிடிச்சுக்காம இருக்கப் பூசறது) லேசா, மூணு நாலு மரைக்குப் பூசினாப் போதும். பசை போட்டா உராய்வு கொறையும், அதே டார்க்ல (திருப்பற முறுக்கு விசைல) போல்ட்டு அதிகமா இழுபடும். 8.8 கிரேடு 8 எம்.எம்.முக்கு வெறும் மரைன்னா 25 நியூட்டன் மீட்டர் கிட்ட வரும், பசையோட 20 வச்சுக்குங்க. உங்க வண்டி மேனுவல்ல வேற சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. இந்தப் பசைய வீல் நட்டுல மட்டும் பூசாதீங்க. பிரேக் காலிப்பர் போல்ட்டுக்கு மேனுவல்ல மரைப் பசை சொல்லியிருந்தா அத மட்டும்தான் போடணும்.

நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் வெளிய வெளிய, ரெண்டு சுத்துல இறுக்குங்க. ஸ்டார்ட் பண்றேன்... புகை இல்ல, டப்டப் போச்சு. இந்த வண்டி ஒருக்கா மேட்டுப்பாளையம் எறங்கி ஏறி வரட்டும். முழுசா ஆறினப்புறம், மறுநாள் காலைல, எட்டு போல்ட்டையும் இன்னொரு தடவை டார்க் ரெஞ்சுல பாக்கணும். சூட்டுல புது கேஸ்கட் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.