அளந்து அளந்து திருத்துறீங்களா? சரக்கு வீணாப் போறது உங்க கையாலதான்!

[திரையில்: ஓடுற மெஷின், சுருள் சுருளா விழுற இரும்புச் சீவல்]

திருவொட்டியூர்ல ஒரு சின்ன சி.என்.சி. பட்டறை, அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி இரும்பைச் சீவுற மெஷின் இருக்குற இடம். ஒரு அண்ணன் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் (உருளைத் தண்டு) போட்டுக்கினு இருக்காரு. ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டர்ல அளக்குறாரு. 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு, கூட வந்தா ஆஃப்செட்ல (மெஷினுக்குக் குடுக்குற அளவுத் திருத்தம்) 10 குறைப்பாரு. அடுத்தது 10 கம்மியா வந்தா 10 ஏத்துவாரு. எவ்ளோ பொறுப்பான ஆளு, இல்ல? அங்க ஸ்க்ராப் ஏறுறதே அந்தப் பொறுப்பாலதான்!

நம்பலைன்னா மொட்டை மாடிக்கு வாங்க. தரையில சாக்பீஸ்ல ஒரு புள்ளி. அதுக்கு நேர் மேல ஒரு புனல். அதுல கோலியைப் போடுங்க, 50 தடவை. புனலை ஆட்டவே கூடாது. கோலி புள்ளியைச் சுத்திச் சிதறி விழும். சரி, இப்ப நம்ம அண்ணன் மாதிரி விளையாடுவோம். கோலி 2 சென்டிமீட்டர் கிழக்கால விழுந்துச்சா? புனலை இருக்குற இடத்துலேர்ந்து 2 சென்டிமீட்டர் மேற்கால தள்ளு. ஒவ்வொரு தடவையும் இப்படியே.

சிதறல் குறையணும்ல? கூடும்! கணக்குல வேரியன்ஸ் (சிதறலை வர்க்கத்துல அளக்குற எண்) சரியா ரெண்டு மடங்கு. அகலத்துல பார்த்தா சுமார் 41 சதவீதம் அதிகம். தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் தன்னோட வகுப்புகள்ல இதைப் போட்டே காட்டுவாரு. நானும் வியாசர்பாடியில எங்க மாடியில போட்டேன். "வேலை வெட்டி இல்லையா தம்பி?"ன்னு கீழ்வீட்டு அக்கா கேட்டாங்க. பாதிக் கோலியைப் பசங்க எடுத்துக்கினு ஓடிட்டானுங்க.

ஏன் கூடுது? அந்த 2 சென்டிமீட்டர் புனலோட தப்பே இல்ல, அந்தக் கோலியோட அதிர்ஷ்டம். அதைப் போய் நீங்க புனல் மேல எழுதிட்டீங்க. அடுத்த கோலி தன் சிதறலோட, போன கோலியோட சிதறலையும் சேர்த்துச் சுமக்குது. எனக்கு இதுதாங்க இந்தப் பாடத்துலயே செம இடம்!

அப்ப எப்பதான் திருத்துறது? அதைச் சொல்ல ஒரு சார்ட் இருக்கு. அதோட வரலாறு வேகமா: அமெரிக்காவுல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில வேலை பார்த்த ஷூஹார்ட், 1924 மே 16 அன்னிக்கு ஒரு சின்னக் குறிப்புல கன்ட்ரோல் சார்ட்டை வரைஞ்சு குடுத்தாரு. பின்னாடி நம்ம புள்ளியியல் நிபுணர் மகலனோபிஸ் கூப்பிட்டு இந்தியாவுக்கும் வந்தாரு. முடிஞ்சுது.

அந்த சார்ட் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும்: எப்ப கை வைக்கணும்? மணிக்கு ஒரு தடவை 5 பீஸ் எடு, சராசரியைப் புள்ளி வை. நடுவுல ஒரு கோடு, மேலயும் கீழயும் 3 சிக்மா தூரத்துல ஒவ்வொரு கோடு. சிக்மான்னா அந்தச் சராசரிகள் வழக்கமாச் சிதறுற அளவு. புள்ளி உள்ள இருந்தா தொடாத. வெளிய போனா நிறுத்து: இன்சர்ட் (வெட்டுற முனை) தேஞ்சிருக்கலாம், சக் (பீஸைப் பிடிக்குற பிடி) லூஸா இருக்கலாம். மெஷின் நல்லா இருக்கும்போதே புள்ளி சும்மா வெளிய போறது ஆயிரத்துல சுமார் 3 தடவைதான். உள்ளயே இருந்தாலும் 8 புள்ளி வரிசையா நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் நின்னா, அப்பவும் சந்தேகப்படு.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், டிராயிங்ல இருக்குற டாலரன்ஸை (அளவு எவ்ளோ கூடலாம், குறையலாம்ங்கற வரம்பு) இந்தக் கோடா வரையாதீங்க. அது கஸ்டமர் கேக்குறது. இது மெஷின் சொல்றது.

இதெல்லாம் அந்த அண்ணன்கிட்ட சொன்னேன். "கையைக் கட்டிக்கினு நின்னா ஓனர் சம்பளம் குடுப்பாரா?"ன்னாரு. பதில் தெரிஞ்சவங்க கமெண்ட்ல போடுங்க, அவருக்குக் காட்டணும்.