பானையா, படையா? – ‘படையே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அரங்கத்துக்கும் வணக்கம். ஏழு நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். வணக்கத்திலேயே மூன்று நிமிடத்தைக் கரைத்தால் எங்கள் அணித்தலைவர் என்னைக் காரில் ஏற்ற மாட்டார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான நாள். நம் தீபாவளி விழாவும் அதை ஒட்டி வந்துவிட்டதால் சங்கத்தார் இப்படி ஒரு தலைப்பை வைத்துவிட்டார்கள்: ‘வீட்டில் பீர் காய்ச்சும் முன்னாள் படைவீரர்களைச் சேர்த்து வைத்திருப்பது பானையா, படையா?’ அக்கம்பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் சிலரையும் அழைத்து வந்து பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் நீங்கள் தட்டினால் தட்டுகிறார்கள், நீங்கள் நிறுத்தினால் நிறுத்துகிறார்கள். கட்டளைக்குப் பழகிய உடம்பு, நடுவர் அவர்களே. எங்கள் அணியின் முதல் சாட்சியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நாம் குடியிருக்கும் இந்த வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் ரோட்ஸ் எப்படிப்பட்ட ஊர்? நார்ஃபோக்கில் இருப்பது உலகத்திலேயே பெரிய கடற்படைத் தளம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் லாங்லியில் ஏர்ஃபோர்ஸ், ஃபோர்ட் யூஸ்டிஸில் ஆர்மி, யார்க்டவுனில் கோஸ்ட் கார்டு என்ற கடலோரக் காவல் படையின் பயிற்சி நிலையம். கடையில் பில் போட நின்றால் முன்னால் ஒரு பட்டாளம், பின்னால் ஒரு பட்டாளம். எங்கள் தெருவிலும் ஒரு கராஜ் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அங்கே அடுப்பு எரியும். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி 152 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைப்பார்கள். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, கசப்புக்கும் வாசத்துக்கும் ஹாப்ஸ் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்க விட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து மூடி வைப்பார்கள். ஒரு தடவைக்கு ஐந்து காலன், கிட்டத்தட்ட ஐம்பது பாட்டில். ‘பக்கத்து வீட்டில் காய்ச்சுகிறார்கள் அம்மா’ என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். ‘போலீஸ் வர்றதுக்குள்ள நீ வீட்டை மாத்திருப்பா’ என்றார்.

எதிரணித் தலைவர் ஐயா 1978-ஐ எடுத்து வீசினார். அந்த ஆண்டு சட்டம் வந்ததால்தான் பொழுதுபோக்கு வந்தது, பொழுதுபோக்கு வந்ததால்தான் நட்பு வந்தது என்றார். சரி. ஒரு ஆள் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு என்றால் 200 காலன், வரியில்லாமல் பீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்ற அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் யார்? ஜிம்மி கார்ட்டர். வேர்க்கடலை விவசாயி என்பீர்கள். அதற்கு முன்னால் யார்? 1946-இல் கடற்படை அகாடமியில் படித்து முடித்து, நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவர்! பானைக்கு அனுமதி கொடுத்ததே படைதான், ஐயா. இதெல்லாம் ஒரு வாதமா என்று வீட்டில் கேளுங்கள். பட்டிமன்றத்தில் இது போதும்.

கடலிலிருந்து இறங்கித் தரையில் சண்டை போடும் மரீன் படை பிறந்ததே பிலடெல்பியாவில் ஒரு மதுக்கடையில்தான், டன் டாவர்ன், 1775 நவம்பர் 10 என்றும் சொன்னார். மரீன்களே அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், மறுக்கவில்லை. அந்தப் பழைய கடை எப்போதோ போய்விட்டது. படை இருக்கிறது. அந்த ஒன்றும் எங்களுக்குத்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். பணியில் இருந்தபோது இவர்கள் கையில் பானை இருந்ததா? அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் 1914 ஜூலை 1 முதல் மது கிடையாது. கரையைத் தொடாமல் 45 நாள் கடலிலேயே கிடந்தால் ஆளுக்கு இரண்டு பீர் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்தவர்களுக்கு அந்த இரண்டும் இல்லை, தடை. ஒட்டு ஒட்டியது அங்கே, பீர் வந்தது இங்கே.

கராஜுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் ‘என்ன ஹாப்ஸ் போடுகிறாய்?’ என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் படை, என்ன வேலை, எங்கே, எந்த வருடம். இந்த நாலுக்கும் பதில் வந்த பிறகுதான் டம்ளரே கைக்கு வரும். ஒருநாள் இப்படி ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வேடிக்கை வெளியே வந்தது. நேவிக்காரர் ‘சீபீ’, அதாவது கட்டுமானப் படை. ஈராக்கில் ரோடு போட்டுவிட்டு வந்தவர், கப்பலில் காலே வைத்ததில்லை. ஆர்மிக்காரரோ யூஸ்டிஸ் படகுப் பிரிவு, பாதி சர்வீஸ் தண்ணீரிலேயே போயிருக்கிறது. நேவிக்குக் கடல் தெரியாது, ஆர்மிக்குத் தரை தெரியாது! அன்றையிலிருந்து ஆர்மிக்காரரை ‘கேப்டன்’ என்றும் நேவிக்காரரை ‘கொத்தனார்’ என்று பொருள்படும் ஏதோ ஒன்றும் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மரீன் என்றால் கிரேயான் தின்பவன், மூளை கம்மி என்று கேலி. ஏர்ஃபோர்ஸ் என்றால் ‘சேர் ஃபோர்ஸ்’, உட்கார்ந்தே சண்டை போட்டவர்கள். நம் ஊரில் மாமன் மச்சான் கேலி பண்ணிக்கொள்வது மாதிரிதான். உறவு இல்லாதவன் அந்த வார்த்தையைச் சொன்னால் அடி விழும்.

இப்போது எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கச்சிக்கு வருகிறேன். ‘இந்த அண்ணன் கராஜுக்குப் போவதே ஓசி பீருக்கு. இவர் பார்த்த ஒரே பட்டாளம் என்.சி.சி., அதற்கும் இவர் போனது பூரிக்கு’ என்று ஒரு போடு போட்டார். நீங்களும் தட்டினீர்கள். என் மனைவியும் தட்டினார், நான் பார்த்தேன்.

தங்கச்சி, பூரிக்குத்தான் போனேன். இல்லை என்றா சொன்னேன்? ஆனால் அந்தப் பூரியை இவ்வளவு லேசாகப் பேசிவிடக் கூடாது. காலையில் மைதானம். கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, நடந்தால் தகரம் மாதிரி சத்தம் வரும். பித்தளை பேட்ஜைத் தேய்த்துத் தேய்த்து விரல் எல்லாம் பச்சை. பட்டாளத்திலிருந்து வந்த ஹவில்தார் இந்தியில் ‘தாஹினே முட்!’ என்பார், வலது பக்கம் திரும்பு என்று அர்த்தம். எங்கள் பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். பாதிப் பேர் வலது பக்கம் திரும்புவோம், பாதிப் பேர் இடது பக்கம் திரும்புவார்கள். மூக்கும் மூக்கும் இடிக்கும். ஹவில்தார் வானத்தைப் பார்ப்பார். இவ்வளவும் முடிந்தால் இலைத் துண்டில் மடித்த பொட்டலம் வரும். பூரி, உருளைக்கிழங்கு மசால்.

அந்தப் பூரி ருசியாக இருந்தது என்று நினைக்கிறீர்களா? ஆறிப்போன பூரி, தங்கச்சி! இழுத்தால் வரும், விட்டால் திரும்பிப் போகும். மசாலில் உருளைக்கிழங்கைத் தேட என்.சி.சி.யில் தனியாக மேப் ரீடிங் வகுப்பு வைத்தார்கள். அந்தப் பூரிதான் எங்களைச் சேர்த்து வைத்தது என்றால், நான் யாரோடு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்க வேண்டும்? பூரி போட்ட ஓட்டல்காரரோடு அல்லவா! என் குரூப் யாரோடு இருக்கிறது? இடது பக்கம் திரும்பி என் மூக்கில் இடித்தானே, அவனோடு! இன்றைக்கும் பிறந்தநாளுக்கு அவன் அனுப்பும் வாழ்த்து ‘தாஹினே முட்’ என்ற இரண்டு வார்த்தைதான். நாலு நாள் பரேட் போன எனக்கே இப்படி என்றால், நாலு வருடம் ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்தவர்களை நீங்கள் பீர் பாட்டிலைக் காட்டிப் பிரிக்கப் பார்க்கிறீர்களே, நியாயமா?

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். காய்ச்சிய பீரைப் பாட்டிலில் அடைக்கும் முன் கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். ஐந்து காலனுக்கு 120 கிராம் அளவில். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்று காஸ் விடும், அதுதான் நுரை. ஆர்மிக்காரர் அளந்து போட்டார். போட்டுவிட்டுப் போன் பேச வெளியே போனார். மரீன் வந்தார். சர்க்கரைப் பை திறந்து கிடக்கிறது. ‘ஆர்மிக்காரன், மறந்திருப்பான்’ என்று அவரும் அதே அளவு போட்டார். இதோடு விட்டதா? ஏர்ஃபோர்ஸ்காரர் வந்தார். ‘இந்த இரண்டு பேரையும் நம்பக் கூடாது’ என்று அவர் பங்குக்கு ஒன்று. முப்படையின் கூட்டு நடவடிக்கை, நடுவர் அவர்களே!

பாட்டில்கள் அலமாரியில் போய் உட்கார்ந்தன. பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. நான் வீட்டிலிருந்து சூடாக மசால் வடை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ‘டொப்!’ முதல் பாட்டில். ஆர்மிக்காரர் தரையில் இருக்கிறார். எப்போது படுத்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. கையில் டம்ளர், ஒரு சொட்டு சிந்தவில்லை, அதுதான் டிரெயினிங். ‘டொப், டொப்!’ மரீன் ஓடுகிறார். வாசலுக்கு ஓடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அலமாரியை நோக்கி ஓடுகிறார்! வெடிக்கிற இடத்துக்கு உள்ளே போவதுதான் அவர்கள் பாடம். ‘டொப்!’ நேவிக்காரர் எழுந்தார். காஸை மூடினார், மெயினை அணைத்தார், தோட்டத்து ஹோஸ் பைப்பை இழுத்து வந்து அடிக்க ஆரம்பித்தார். தீயே இல்லை! கப்பல் ஏறாதவர்தான், இருந்தாலும் நேவி. சத்தம் கேட்டால் தண்ணீர். எங்கள் எல்லோருக்கும் ஐப்பசியில் கங்கா ஸ்நானம் ஆகிவிட்டது. ஏர்ஃபோர்ஸ்காரர்? நாற்காலியை விட்டு அசையவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ‘யாராவது ஃபிரிட்ஜ் ஓடுகிறதா பாருங்கள்’ என்றார்.

ஐ.டி. படையைச் சேர்ந்த நானோ வடைத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நின்றேன். வடை போனது போனதுதான்.

இதையே மரீன் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் கணக்கில் ஆர்மிக்காரர் அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். ஆர்மிக்காரர் கணக்கில் மரீன் அலமாரிக் கதவைத் திறக்கத் தெரியாமல் தலையால் முட்டினார். ஏர்ஃபோர்ஸ்காரர் கணக்கில் கட்டுப்பாட்டு அறையே அவர்தான். சொல்லச் சொல்ல வெடித்த பாட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, இப்போது எழுபதில் நிற்கிறது. ஒரு தடவைக்கு வருவதே ஐம்பது!

மணியைத் தொடாதீர்கள் நடுவர் அவர்களே, அந்தக் கராஜில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

எல்லோரும் நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றுதான் முதன்முதலில் வந்தவன். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தான். அந்தக் குளிரில் அவன் நெற்றியெல்லாம் வேர்வை. கையில் ஒரு பாட்டில் மூடி இருந்தது, இறுக்கிப் பிடித்திருந்தான். விரித்தபோது பார்த்தேன், மூடியின் பல் வட்டமாக உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. டொப் என்றால் எனக்குத் தீபாவளி. அவனுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவனிடம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

மூலையில் ஒருவர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். அவரை ‘டாக்’ என்பார்கள். டாக்டர் இல்லை. மரீன்களுக்கென்று தனி மருத்துவ ஆட்கள் கிடையாது, கடற்படைதான் தன் ஆளை அனுப்பும். அடிபட்டவனைத் தேடிக் குண்டுக்கு நடுவில் ஓடி வருகிற அந்த ஆளுக்கு மரீன்கள் வைத்திருக்கும் பெயர் அது. கராஜில் எல்லோரையும் எல்லோரும் கேலி செய்வார்கள், டாக்கை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். இன்னொன்று, டாக் குடிக்க மாட்டார். ஒரு காலத்தில் அளவில்லாமல் குடித்துக் குடும்பம் வரைக்கும் போய், அப்புறம் அடியோடு விட்டவர். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து பாட்டில் கழுவுவார்.

டாக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத் தரையிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ‘பயப்படாதே’ என்று சொல்லவில்லை. ‘எங்கே இருந்தாய், எந்த வருடம்?’ என்றார். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘காந்தகார், 2011’ என்றான். ‘நான் ஃபல்லூஜா, 2004’ என்றார் டாக். ஒருவர் ஆப்கானிஸ்தான், ஒருவர் ஈராக். அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிரஷை அவன் கையில் கொடுத்து, ‘வா, கழுவ ஆள் பற்றவில்லை’ என்று கூட்டிக்கொண்டு போனார்.

இந்த நாட்டில் முன்னாள் படைவீரர்களில் 2021-இல் சராசரியாக நாளொன்றுக்கு 17 பேருக்கு மேல் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அரசாங்கத்தின் முன்னாள் படைவீரர் துறையே சொன்ன கணக்கு. அந்தக் கணக்கை டாக் சுவரில் ஒட்டவில்லை. பையன் ஒரு வாரம் வராவிட்டால், அவன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார். பையன் வந்து ஏறுகிறான். அவனும் இப்போது அதிகம் குடிப்பதில்லை, பாட்டில் கழுவுகிறான்.

தங்கச்சி, நான் ஓசி பீருக்குப் போகிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காத டாக் எதற்குப் போகிறார்? உங்கள் அணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு அப்புறம் பானையைப் பற்றிப் பேசட்டும். மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.