ஊரையே விலைக்கு வாங்கிய ஊர் | மான்செஸ்டர் வ்லாக்

வணக்கம் மக்களே! முதலில் இந்தக் கப்பைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், தெரிகிறதா? ஒரு உலக உருண்டை, அதன் மேல் ஏழு தேனீ, மான்செஸ்டர் ஊரின் சின்னம். இதே மாதிரி கப் சிட்டி சென்டரில் ஒரு டூரிஸ்ட் கடையில் 12.50 பவுண்டு. ஒரு கப்புக்கு! அடியில் இருந்த விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆரம்பத்திலிருந்து நம் சேனலைப் பார்ப்பவர்களுக்கு என் குணம் தெரியும்.

இன்றைக்கு ஒரு சாரிட்டி ஷாப்பில், அதாவது தானமாக வந்த பழைய பொருளை விற்று நற்பணிக்குக் காசு சேர்க்கும் கடையில், கீழ்த்தட்டில், பழைய டோஸ்டருக்குப் பின்னால் இது உட்கார்ந்திருக்கிறது. 1.50 பவுண்டு. கைப்பிடிக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு கீறல். அதைக் காட்டி, ஒரு பவுண்டுக்குத் தருவீர்களா என்றேன். சாரிட்டி ஷாப்பில் யாராவது பேரம் பேசுவார்களா என்று கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். கவுண்டரில் இருந்த பாட்டி கப்பை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், சரி எடுத்துக்கொள் என்றார். 50 பென்ஸ் மிச்சம்! அப்புறம் மனசு கேட்காமல் உண்டியலில் 20 பென்ஸ் போட்டேன். முழுசாகப் போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் நிற்பது மோஸ்லி ஸ்ட்ரீட். பின்னால் டிராம் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்கின் பஞ்சு உறை எங்கேயோ விழுந்துவிட்டது. இந்தத் தெருவுக்குப் பேர் கொடுத்த மோஸ்லி குடும்பத்தின் மேல்தான் இன்றைக்கு எனக்குக் கோபம். பேரம் என்றால் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கதை இதுதான். மான்செஸ்டர் என்றால் பஞ்சாலை, புகைபோக்கி, உலகத்தின் முதல் தொழில் நகரம் என்று படித்திருக்கிறோம். ஆனால் 1838 வரைக்கும் இந்த ஊருக்கு நகராட்சி கிடையாது. மேயர் கிடையாது. அது ஒரு ஜமீன். 1596இல் நிக்கோலஸ் மோஸ்லி என்ற துணி வியாபாரி 3,500 பவுண்டு கொடுத்து இந்த ஜமீனை வாங்குகிறார். பிற்பாடு லண்டனுக்கே மேயர் ஆனவர். சந்தையில் யார் கடை போட்டாலும் அந்தச் சுங்கம் ஜமீனுக்கு. வருஷா வருஷம் கோர்ட் லீட் என்று ஜமீன் சபை கூடும். ஊர் ஆட்களைக் கூப்பிட்டு ஜூரியாக உட்கார வைப்பார்கள், அவர்கள் ஊர் அதிகாரிகளை நியமிப்பார்கள்.

அந்தப் பதவிகளைக் கேளுங்கள். தலைமைப் பதவி பரோரீவ். அவருக்குக் கீழே கான்ஸ்டபிள்கள், சரி. அப்புறம் பீர் ருசி பார்க்க அதிகாரி. சந்தையில் மீனும் கறியும் நல்லதா என்று பார்க்க அதிகாரி. பெரிய நாய்களுக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கிறார்களா என்று பார்க்கத் தனியாக ஒருவர்! எனக்கு ஒரு வேலை தேர்ந்தெடுக்கச் சொன்னால், பீர் குடிக்க மாட்டேன், அந்த நாய் வேலைக்குத்தான் மனு போடுவேன். ஒரு சின்னச் சந்தை ஊருக்கு இது அழகான ஏற்பாடு. ஆனால் 1841 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல். அவ்வளவு ஜனத்துக்கும் இதே சபைதான் கொஞ்ச காலம் முன்பு வரை.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 3,500 பவுண்டு யாரிடம் கொடுத்தார்? ஜமீன் பழைய பிரபு குடும்பத்திடமிருந்து ஜான் லேசி என்ற லண்டன் துணி வியாபாரிக்கு 3,000 பவுண்டுக்கு அடமானமாகப் போயிருந்தது. அவரிடமிருந்துதான் மோஸ்லி வாங்கினார். அடமானம் போன சொத்து! ஊரில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

சரி, எங்கே விட்டேன்? ஆம், ஜமீன் மட்டும் போதவில்லை என்று 1792இல் சட்டம் போட்டு போலீஸ் கமிஷனர்கள் என்று ஒரு அமைப்பு வந்தது. பேர்தான் போலீஸ். தெருவிளக்கு, கூட்டுவது, பெருக்குவது, ராக்காவல் எல்லாம் அவர்கள் தலையில். இவர்களை எனக்குப் பாதி பிடிக்கும். 1817இல் சொந்தமாகவே எரிவாயு ஆலை வைத்து, அந்த லாபத்தில் ஊரைச் சீர் செய்தவர்கள். பிடிக்காத மீதிப் பாதிக்கு வருகிறேன்.

1819இல் பீட்டர்லூ. அதைப் பற்றித் தனி வீடியோவே போட்டிருக்கிறேன், அதனால் சுருக்கமாக. செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்டில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய கூட்டத்தின் மேல் குதிரைப் படையை ஏவினார்கள். ஏவியவர்கள் இந்த ஊர் தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை, லங்காஷயர், செஷயர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள். ரிச்சர்ட் காப்டன் என்ற மான்செஸ்டர் துணி வியாபாரி பிற்பாடு கேட்டது இதைத்தான். ஊருக்கு நகராட்சி இருந்திருந்தால் வெளி மாஜிஸ்திரேட்டுகளுக்கு இங்கே என்ன அதிகாரம் இருந்திருக்கும்? 1837இல் சின்னப் பிரசுரம் அடித்து, நகராட்சி வாங்குங்கள் என்று ஊரை உசுப்பிவிட்டார். 1835இல் வந்த நகராட்சிச் சட்டம் அதற்கு வழி விட்டிருந்தது. 1838இல் சாசனம் கிடைத்தது, தாமஸ் பாட்டர் முதல் மேயர்.

இங்கேதான் அந்த மீதிப் பாதி. கிங் ஸ்ட்ரீட்டில் அழகான டவுன் ஹால் கட்டி வைத்திருந்த கமிஷனர்கள், சாசனமே செல்லாது என்று சொல்லி, புது நகராட்சிக்குக் கதவைத் திறக்கவில்லை. மேயர் இருக்கிறார், மன்றம் இருக்கிறது, உட்கார இடம் இல்லை! வரி வசூலிலும் இழுபறி. கடைசியில் லண்டன் அரசாங்கம் சார்லஸ் ஷா என்பவரை நிஜப் போலீஸ் படைக்குத் தலைவராக நேரடியாக அனுப்பி, 1842 வரை போலீஸைத் தன் கையில் வைத்திருந்தது. அந்த வருஷம்தான் நாடாளுமன்றம் சாசனத்தை உறுதி செய்தது. இந்தத் தேனீச் சின்னம் கிடைத்ததும் அதே 1842இல். கிங் ஸ்ட்ரீட் கட்டடம் இப்போது இல்லை. ஆனால் ஹீட்டன் பார்க் வீடியோவில், ஏரிக்கரையில் என் பின்னால் வரிசையாகக் கல் தூண்கள் தெரியுமே, கோவிலா என்று பாதிப் பேர் கேட்டீர்களே, அதுதான் அந்த டவுன் ஹாலின் முகப்பு. 1912இல் பெயர்த்துக்கொண்டு வந்து அங்கே வைத்தார்கள்.

இப்போது பேரம். நகராட்சி வந்த பிறகும் சந்தை உரிமையும் ஜமீனும் மோஸ்லி கையில்தான். அதற்கு வெகு முன்பே, 1808இல் ஒரு ஓஸ்வால்ட் மோஸ்லி, 90,000 பவுண்டு கொடுங்கள், எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன் என்றார். ஊர்க்காரர்கள் 70,000க்கு மேல் தர மாட்டோம் என்றார்கள். பேச்சு முறிந்தது. 1846இல் நகராட்சி வாங்கியது. எவ்வளவுக்கு? 2 லட்சம் பவுண்டு! 20,000 பவுண்டு பிடிவாதத்தில் லட்சத்துப் பத்தாயிரம் கூடுதல். நான் 50 பென்ஸுக்காக நின்றவள், எனக்கு வயிறு எரிகிறது. ஊர் வளர வளரச் சந்தை வருமானமும் ஏறியது, வளர்த்தது யார், நெசவாளியும் வியாபாரியும். விலை வாங்கியது ஸ்டாஃபோர்ட்ஷயரில் ரோல்ஸ்டன் மாளிகையில் உட்கார்ந்திருந்த குடும்பம். 1930களில் பாசிஸ்ட் கறுப்புச் சட்டைப் படை நடத்திய இன்னொரு ஓஸ்வால்ட் மோஸ்லியும் இதே வம்சம்தான்.

1853இல் நகரம் என்ற அந்தஸ்து வந்தது, 1877இல் ஆல்பர்ட் ஸ்கொயரில் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வரைந்த பெரிய டவுன் ஹால் திறந்தார்கள். உள்ளே தரையில் மொசைக்கில் தேனீக்கள், ஓரத்தில் பருத்திப்பூ. எனக்குக் கட்டடத்தைவிடத் திறந்தவரைத்தான் பிடிக்கும். விக்டோரியா ராணி வரவில்லை. மேயர் ஏபல் ஹேவுட் திறந்தார். புத்தகக் கடைக்காரர். அரசாங்க ஸ்டாம்ப் வரி கட்டாத பத்திரிகையை விற்றதற்காக 1832இல் நான்கு மாதம் ஜெயில். அந்த ஆளை ஊர் இரண்டு முறை மேயர் ஆக்கியது. கோபுரத்தில் எட்டு டன்னுக்கு மேல் எடையுள்ள மணி இருக்கிறதே, அதற்கு அவர் பேர்தான், கிரேட் ஏபல்.

டிராம் வந்துவிட்டது மக்களே, இனி நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. 1974க்கு அப்புறம் பத்து நகராட்சிகளைச் சேர்த்து ஒரு கவுன்சில் வைத்து, 1986இல் கலைத்தார்களே, அந்தக் கூத்து அடுத்த வீடியோவில். பை!